தொலைக்காட்சிச் சமையலும் மாதக் கடைசி அடுப்பும்



நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள். ஒரு பெட்டியைச் சுற்றித் தோட்டமே கூடி உட்கார்ந்து படம் பார்த்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அந்தப் பெட்டி இல்லாத வீடு அரிது. எந்த நேரத்தில் திறந்தாலும் ஏதாவதோர் அலைவரிசையில் யாராவது சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டி ஓய்ந்தால் கைப்பேசியில் சமையல். சிக்கனச் சமையல் என்றும், பத்து வெள்ளியில் விருந்து என்றும் சொல்லிக்கொண்டு வருகிறவையும் உண்டு. இவற்றைப் பார்த்துச் சமைத்தால், குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு உண்மையிலேயே செலவு குறையுமா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வந்திருக்கிறோம்.

நம் கருத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நிகழ்ச்சிகளிலிருந்து கைப்பழக்கம் கற்றுக்கொள்ளலாம். காசுக் கணக்கை மட்டும் அவர்களிடம் விட்டுவிடக்கூடாது. அவர்கள் கணக்குப் போடுவது ஒரு பண்டத்திற்கு. நாம் போட வேண்டியது ஒரு மாதத்திற்கு.

அந்த மாதக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போமே. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று பிடித்தால் 187 வெள்ளி போய்விடுகிறது. மிச்சம் 1,513. இதில் மின்சாரம், தண்ணீர், பள்ளிப் பேருந்து, மோட்டார் சைக்கிள் தவணை, கோயில் காரியம், கலியாண மொய் எல்லாம் போகவேண்டும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கென்று 600 வெள்ளி ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 20 வெள்ளி. வீட்டில் ஐந்து பேர், மூன்று வேளை. ஆக ஒரு நாளைக்குப் பதினைந்து தட்டு. ஒரு தட்டுக்கு 1 வெள்ளி 33 காசு.

இந்த 1 வெள்ளி 33 காசை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் பத்து வெள்ளியில் நால்வருக்குச் சாப்பாடு என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்கு மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தட்டுக்கு இரண்டரை வெள்ளி. பெரும்பாலும் அந்தப் பத்து வெள்ளியில் சோறு சேர்ந்திருக்காது, கறி மட்டும்தான். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பங்கு. நகரத்தில் உணவகத்தில் சாப்பிடும் பழக்கம் உள்ளவருக்கு அது சிக்கனம். அவரை மனத்தில் வைத்துத்தான் அந்த நிகழ்ச்சி தயாராகிறது.

அந்தப் பத்து வெள்ளியும் முழுக் கணக்கா என்று பார்த்தால், அதுவும் இல்லை. சமைக்கிறவர் சிப்பிச் சாஸ் இரண்டு கரண்டி ஊற்றுகிறார். ஒரு புட்டி 6 வெள்ளி, அதில் இருபது கரண்டி இருக்கிறது என்றால், இரண்டு கரண்டிக்கு 60 காசு. அவர் கணக்கில் எழுதுவது அந்த 60 காசை. நாம் கடைக்குப் போனால் இரண்டு கரண்டி சாஸ் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? புட்டியைத்தான் வாங்க வேண்டும். 60 காசு 6 வெள்ளி ஆகிவிடுகிறது. வெண்ணெயும் அப்படித்தான், கிரீமும் அப்படித்தான், அரைத் துண்டு குடைமிளகாயும் அப்படித்தான். வாங்கிய புட்டி முழுவதையும் அடுத்தடுத்த வாரங்களில் பயன்படுத்தினால் அந்தக் காசு திரும்பி வரும். நம் வீட்டுச் சமையலில் அதற்கு வேலை இல்லையென்றால் புட்டி அலமாரியின் ஓரத்தில் நின்று தூசி படியும்.

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் சந்தித்த ஒரு தாயார் தம் மகளின் பிறந்த நாளைப் பற்றிச் சொன்னார். தொலைக்காட்சியில் பார்த்த வெண்ணெய்க் கோழியை மகள் ஆசையாகக் கேட்டாளாம். தாயாரும் எழுதி வைத்துக்கொண்டு கோழி, வெண்ணெய், கிரீம், முந்திரிப் பருப்பு, காய்ந்த வெந்தய இலை என்று ஒவ்வொன்றாக வாங்கினார். நாற்பது வெள்ளிக்கு மேல் ஆகிவிட்டது. கோழி நன்றாகவே வந்ததாம்; பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அரைப் பெட்டி கிரீம் மிச்சம். அதை என்ன செய்வதென்று நிகழ்ச்சியில் சொல்லவில்லை. ஐந்தாறு நாள் கழித்துப் புளித்துப்போய் வாய்க்காலில் ஊற்றினார். அந்த மாதத்துக் கடைசி வாரத்தில் கடைக்காரரின் 555 நோட்டுப் புத்தகத்தில் பற்று ஏறியதற்கு அந்தக் கோழியும் ஒரு காரணம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறந்த நாளுக்கு ஒரு நாள் நல்ல சாப்பாடு போடுவதில் யாருக்கு என்ன குறை? போடத்தான் வேண்டும். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

பற்றுப் புத்தகம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளம் வந்த வாரத்து அடுப்பும் நான்காம் வாரத்து அடுப்பும் ஒன்றல்ல. முதல் வாரம் கோழி, மீன், பழம் எல்லாம் வீட்டுக்குள் வருகின்றன. நான்காம் வாரம் சோறும் ஒரு குழம்பும், சில வீடுகளில் வெறும் மீ கோரெங்கும் தேநீரும் என்று ஆகிவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் தூங்குவது எந்த வாரத்தில் அதிகம் என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் கேட்டால் தெரியும். தொலைக்காட்சியில் சமைப்பவருக்கு மாதக் கடைசி என்று ஒன்று வருவதே இல்லை. அவர் கதவைத் திறக்கும் போதெல்லாம் குளிர்பெட்டி நிறைந்திருக்கிறது!

நேரத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. முப்பது நிமிடச் சமையல் என்கிறார்கள். வெங்காயம் நறுக்கிக் கிண்ணத்தில் இருக்கிறது, பூண்டு உரித்து இன்னொரு கிண்ணத்தில் இருக்கிறது, கோழியைக் கழுவித் துண்டு போட்டு வேறொருவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாத்திரம் கழுவுவதைத் திரையில் காட்டுவதே இல்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, வெளிக்காட்டில் வேலை பார்த்து, வெயிலோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த முப்பது நிமிடம் ஒன்றரை மணி நேரம். அடுப்பும் அப்படித்தான். நம் வீட்டில் இருப்பது இரண்டு வாய் எரிவாயு அடுப்பு. சூளை அடுப்பில் ஒரு மணி நேரம் சுடச் சொன்னால் அதை நாம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் சொல்வதால், ஒலிபரப்பிலும் ஒளிபரப்பிலும் சமையல் சொல்லித் தருவதே வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அது மிகவும் பயன்பட்ட காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1940-ஆம் ஆண்டு ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றியிறைச்சி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலிருந்து பிபிசி வானொலி நாள்தோறும் காலையில் ஐந்து நிமிடம் சமையற்கட்டு முனை என்ற பொருள்படும் பெயரில் ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. உணவு அமைச்சும் அதில் பங்கு கொண்டது. பங்கீட்டில் என்ன கிடைக்கிறதோ, சந்தையில் எந்தக் காய் மலிந்திருக்கிறதோ, அதை வைத்து அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று சொன்னார்கள். உருளைக்கிழங்கும் காரட்டும்தான் அந்நாளைய பெரிய நாயகர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வானொலி நிகழ்ச்சி வீட்டில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்கியது. இன்றைய தொலைக்காட்சிச் சமையலில் பெரும்பாலானவை பண்டத்திலிருந்து தொடங்குகின்றன. இன்றைக்கு இந்தப் பண்டம் என்று முதலில் முடிவு, பிறகு அதற்கு வேண்டிய பொருளைத் தேடிக் கடைக்குப் போகிறோம். பொருளிலிருந்து தொடங்கினால் செலவு நம் கையில் நிற்கும். பண்டத்திலிருந்து தொடங்கினால் செலவு கடைக்காரர் கைக்குப் போய்விடும். நிகழ்ச்சியின் நடுவே மசாலைத் தூளுக்கும் சூப்புக் கட்டிக்கும் விளம்பரம் வருவதையும் சேர்த்துப் பாருங்கள். எதற்காக அப்படித் தொடங்குகிறார்கள் என்பது விளங்கும்.

அதே போர்க்காலத்தில் மலாயாவில் நம் முன்னோர் ஜப்பானியர் ஆட்சியின்கீழ் இருந்தார்கள். அரிசி கிடைக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. அவித்துத் தின்றார்கள், காயவைத்து மாவாக இடித்தார்கள். எந்த வானொலியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. மரவள்ளியைத் தோலுரித்து நன்றாக வேகவைக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது என்பதையும் அவர்கள் பக்கத்து வீட்டாரிடமிருந்தே கற்றார்கள். அந்தப் பாட்டிமார்கள் பிறகு வந்த நல்ல காலத்திலும் சோற்றுப் பருக்கையை வீணாக்கவில்லை. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள், மிஞ்சிய குழம்புகளைச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சினார்கள், பருப்பு வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஜேமி ஆலிவர் என்ற புகழ்பெற்ற சமையற்காரர் 2013-ஆம் ஆண்டில் சிக்கனச் சமையலுக்கென்றே ஒரு தொடர் நடத்தினார். ஒரு நாள் பெரிய துண்டாக இறைச்சி சமைத்து, மிஞ்சியதை அடுத்த நாட்களில் வெவ்வேறு பண்டமாக்கச் சொன்னார். அந்தத் தொடரிலே நல்ல பகுதி அதுதான் என்போம். நம் பாட்டி செய்ததையே அவரும் செய்து காட்டினார். பாட்டிக்குத் தொலைக்காட்சியில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. திரையில் பளபளக்கும் தட்டைப் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு இளப்பமாகத் தெரியத் தொடங்கிவிட்டது. முருங்கைக்கீரை ஏழை வீட்டுக் கறி என்று முகம் சுளிக்கிறார்கள். நெத்திலிக் குழம்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்தால் வெட்கப்படுகிறார்கள். தாயும் மனம் பொறுக்காமல் வறுத்த கோழித் துண்டுக்கும் பொட்டலத் தீனிக்கும் காசு கொடுக்கிறாள். இந்த நட்டம் எந்த நோட்டுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

வேலி ஓரத்து முருங்கையையும் டப்பாவில் இருக்கும் பருப்பையும் வைத்து ஒரு வேளைச் சாப்பாட்டை விலை போட்டுப் பார்ப்போம். உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் கிலோ 2 வெள்ளி 60 காசு என்று உச்ச விலை வைத்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறியபோது இந்த அரிசியைத் தேடி எத்தனை கடை ஏறி இறங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும். கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 600 கிராம் அரிசி, 1 வெள்ளி 56 காசு. பருப்பு கிலோ 6 வெள்ளி என்றால், 200 கிராமுக்கு 1 வெள்ளி 20 காசு. முட்டை ஒன்று 45 காசு வீதம் ஐந்துக்கு 2 வெள்ளி 25 காசு. எண்ணெய், வெங்காயம், புளி, மிளகாய்க்கு 80 காசு. கீரைக்குக் காசில்லை. மொத்தம் 5 வெள்ளி 81 காசு. தட்டுக்கு 1 வெள்ளி 16 காசு. நம்முடைய 1 வெள்ளி 33 காசுக்குள் அடங்கி, 17 காசு மிஞ்சுகிறது. இந்தத் தட்டில் அரிசி, பருப்பு, முட்டை மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும். இதற்கு மேல் எந்தத் தொலைக்காட்சிச் சமையற்காரர் மலிவாகப் போடுவார்?

கீரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே உடம்பின் கணக்கும் சேர்கிறது. 2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரியவந்தது. நடந்தால் மூச்சு வாங்குகிறது, மலைக்காட்டில் ஏறினால் கண் இருட்டுகிறது என்று சொல்லும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் அது உடம்பில் எளிதாகச் சேர்வதில்லை. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு துண்டு கொய்யாப் பழம் தின்றாலோ நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை, நம்மால் அது ஆகிற காரியமா! ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆயினும் களைப்பு தீராவிட்டால் மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அதே ஆய்வில் நம் இந்தியச் சமூகத்தில் வயது வந்தோரில் பத்துக்கு மூன்று பேருக்கு நீரிழிவு என்றும் கண்டார்கள். மற்ற இனத்தாரைவிட நம்மிடம் அதிகம். ஆகவே வெண்ணெயும் கிரீமும் சர்க்கரையும் கொட்டும் சமையலைப் பார்க்கும்போது விலையோடு உடம்பையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ ஏட்டில் 2012-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தொலைக்காட்சிச் சமையற்காரர்களின் புத்தகங்களிலிருந்து 100 பண்டங்களை எடுத்து, பேரங்காடியில் பெட்டியில் அடைத்து விற்கும் 100 தயார் உணவுகளோடு ஒப்பிட்டார்கள். தயார் உணவுதான் கெடுதல் என்று நாமெல்லாம் நினைத்திருப்போம். சமையற்காரர்களின் பண்டங்களில் கொழுப்பு அதைவிட அதிகமாகவும் நார்ச்சத்து குறைவாகவும் இருந்தன. இருநூறில் ஒன்றுகூட உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகள் அனைத்துக்கும் பொருந்தி வரவில்லை. வீட்டில் சமைத்தது என்பதாலேயே ஒரு பண்டம் நல்லதாகிவிடாது என்பது இதில் தெரிகிறது.

சரி, அப்படியானால் பெட்டியை அணைத்துவிடலாமா? வேண்டாம். அதில் எடுத்துக்கொள்ள நல்ல சங்கதிகள் இருக்கின்றன. ஒரு முழுக் கோழியை எப்படி மூட்டு மூட்டாக வெட்டுவது என்று காட்டுகிறார்களே, அதைப் பாருங்கள். துண்டு போட்டு விற்கும் கோழியைவிட முழுக் கோழி பெரும்பாலும் மலிவு. எலும்பும் கழுத்தும் நமக்கே மிஞ்சும், மறுநாள் சூப்பு. எண்ணெய் எவ்வளவு சூடேறியதும் மீனைப் போட்டால் ஒட்டாது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்கலாம். வானொலியில் எங்களால் அதைக் காட்ட முடியாது. மற்ற இனத்தாரின் சமையலையும் பாருங்கள். சீனர் வீட்டு ஆவி முட்டை ஒரு நல்ல வித்தை. மூன்று முட்டையை அடித்து, முட்டையைப் போல் இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரும் துளி உப்பும் சேர்த்து, வடிகட்டி, மூடி, இளந்தீயில் ஆவியில் வேகவைத்தால் ஒரு கிண்ணம் நிறைய வந்துவிடும். ஐந்து பேருக்குக் காணும். மலாய்க்காரர் தெம்பேயைச் சம்பலோடு வறுப்பார்கள். அது சோயா அவரை. இறைச்சிக்கு ஈடாகச் சொல்லத்தக்க புரதம் அதில் உண்டு, விலையோ குறைவு. நம்மில் பலர் இன்னும் அதை வாங்கிப் பார்த்ததே இல்லை.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் நாட்டில் செஃப் வான் போன்ற ஆண்கள் திரையில் நின்று கரண்டி பிடிப்பதைப் பையன்கள் பார்க்கிறார்கள். சமையல் பெண்பிள்ளை வேலை என்று சொல்லும் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? காலையில் வேலைக்குப் போய் வந்த தாய் உட்கார்ந்திருக்க, பதினான்கு வயது மகன் பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றினால் குடும்பத்துக்கு அதுவே ஒரு வருமானம்தான்.

ஆகவே, அடுத்த முறை சமையல் நிகழ்ச்சி பார்க்கும்போது பழைய 555 நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எழுதுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் நாம் எழுதுவோம். நிகழ்ச்சியில் சொல்லும் பொருள்களை எழுதி, வீட்டில் இருப்பதற்கு நேரே ஒரு கோடு போடுங்கள். இல்லாததற்கு நேரே முழுப் புட்டியின், முழுப் பொட்டலத்தின் விலையைப் போடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். கூட்டலைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், அதற்கும் கணக்குப் பயிற்சி. வந்த தொகையைத் தட்டு எண்ணிக்கையால் வகுத்து, உங்கள் வீட்டுத் தட்டு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாண்டினால், அந்தப் பண்டத்தில் எதை எடுத்துவிட்டு எதைப் போடலாம் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசலாம். கிரீமுக்குப் பதில் கொஞ்சம் தேங்காய்ப் பால், முந்திரிக்குப் பதில் வறுத்த கச்சான், குடைமிளகாய்க்குப் பதில் தோட்டத்துப் பயிற்றங்காய். பெயர் வேண்டுமானால் தொலைக்காட்சியில் சொன்ன பெயரையே வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி. சிலது சரியாக வராது. தேங்காய்ப் பால் சேர்த்த கறியை மறுநாளைக்கு வைத்தால் கெட்டுப்போகும் என்பதால் அன்றே தீர்கிற அளவு மட்டும் செய்ய வேண்டும். நன்றாக வந்ததை நோட்டில் விலையோடு எழுதி வைத்தால், நான்காம் வாரத்தில் புரட்டிப் பார்க்க உதவும்.